சொல்ல ஏதாவது இருக்கிறதா?

குற்றவாளி என்று தீர்ப்பு வாசித்து முடித்ததும் கூண்டில் நிற்பவரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்க வேண்டும். "தண்டனை குறித்து ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" அமர்வு நீதிபதியாக இருந்த காலத்தில் இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. கிடைத்த பதில் அநேகமாக ஒன்றுதான். "வீட்டுக்கு நான் ஒருத்தன்தாங்கய்யா. வயசான அம்மா இருக்காங்க. பாத்துச் செய்யுங்கய்யா." எதிரே உட்கார்ந்திருப்பது ஒரு பெண் என்று தெரிந்தாலும் அந்த நேரத்தில் வாயில் 'ஐயா'தான் வரும். நான் ஒருநாளும் திருத்தியதில்லை.

ஸ்டெனோ அதைக் குறித்துக்கொள்வார். "குற்றவாளியின் வயதையும் குடும்பச் சூழலையும் கருத்தில் கொண்டு" என்று ஒரு வரி. அடுத்த வரியில் வருஷம். வழக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் நடந்திருக்கும். இருபது சாட்சிகளை விசாரித்திருப்போம். ரத்தக்கறை எந்தக் கல்லில், தெருவிளக்கு எத்தனை அடி தூரத்தில், முதல் தகவல் அறிக்கை மாஜிஸ்திரேட் கைக்கு எத்தனை மணிக்குப் போனது என்று அறுபது பக்கம் எழுதியிருப்பேன். ஒரு மனிதன் எத்தனை ஆண்டு உள்ளே இருக்க வேண்டும் என்பதற்கு அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

குடித்துவிட்டுச் செய்த ரகளை, அதன் முடிவில் ஒரு சாவு. மாவட்ட நீதிமன்றங்களுக்கு வரும் கொலை வழக்குகளில் இந்த வகை ஏராளம். திட்டமும் இருக்காது, பழைய பகையும் பெரிதாக இருக்காது. தெருவில் ஒருவன் சத்தம் போடுவான், இன்னொருவர் தட்டிக் கேட்பார், கைக்கு எட்டிய கட்டை ஒன்று இருக்கும். 2024 வரை நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டப்படி காவல்துறை 302, அதாவது கொலை, என்று குற்றப்பத்திரிகை போடும். எதிர்த்தரப்பு வக்கீல் 304, அதாவது கொலையாகாத மரணம், என்பார். வழக்கு முழுக்க இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே நடக்கிற இழுபறிதான்.

நான் பதவிக்கு வந்த மூன்றாம் வருஷம் வந்த வழக்கு ஒன்று. இறந்தவர் தெருமுனையில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிறவர். ஐம்பதைத் தாண்டியவர். அடித்தவனுக்கு இருபத்து நான்கு வயது, பிளம்பரிடம் எடுபிடி வேலை. அம்மன் கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். ராத்திரி ஒன்பது மணி வாக்கில் அவன் நிதானமில்லாமல் வந்து, யாரையென்று இல்லாமல் திட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். இஸ்திரிக்காரர் பெட்டியை வைத்துவிட்டு எழுந்து, "பொம்பளப் புள்ளைங்க நடமாடுற எடம்டா, போய்ப் படு" என்று தோளைப் பிடித்துத் திருப்பியிருக்கிறார். அவன் திமிறி, பந்தலோரம் கிடந்த சவுக்குக் கழியை எடுத்து ஒரு அடி. இடது நெற்றிப்பொட்டுக்குச் சற்று மேலே. காதோரம் தோல் கிழிந்து ரத்தம். வண்டியின் மேலேயே சாய்ந்தார்.

ஆனால் எழுந்துவிட்டார். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தே போனார். தலை வலிக்கிறது என்று மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டு படுத்தார். விடியற்காலை எழுப்பினால் எழவில்லை. மறுநாள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இறந்தார்.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரைக் கூண்டில் வைத்து எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் பிடித்துக்கொண்டார். "வீடு வரைக்கும் நடந்து போனவர், பேசினவர், மாத்திரை போட்டவர். இந்த அடியிலா செத்தார்?" டாக்டர் பொறுமையாகத் தன் நெற்றிப்பொட்டையே தொட்டுக் காட்டினார். அங்கே மண்டையோடு மெல்லியது. அடியில் ஒரு ரத்தக் குழாய் ஓடுகிறது. எலும்பு விரிசல் விட்டால் அது கிழியும். ரத்தம் எலும்புக்கும் மூளையைப் போர்த்திய சவ்வுக்கும் நடுவே மெதுவாகத் தேங்கும். தேங்கி மூளையை அழுத்துகிற வரைக்கும் ஆள் தெளிவாக இருப்பார், பேசுவார், நடப்பார். அந்தத் தெளிவை நம்பித்தான் வீட்டில் படுக்கவிட்டுவிடுகிறார்கள். "அன்று ராத்திரியே கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பாரா?" "வாய்ப்பு இருந்தது." வக்கீல் வெற்றி கண்டவர்போல் உட்கார்ந்தார். ஆனால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 299ஆம் பிரிவிலேயே இதற்கு விளக்கம் இருந்தது. தக்க சிகிச்சையால் சாவைத் தடுத்திருக்க முடியும் என்றாலும், காயத்தை உண்டாக்கியவர்தான் சாவை உண்டாக்கியவர்.

அடுத்தது போதை. இதில் பொதுமக்களுக்கும், ஏன் சில இளம் வக்கீல்களுக்கும்கூட ஒரு குழப்பம் உண்டு. குடித்திருந்தான், ஆகவே தெரியாமல் செய்தான், ஆகவே மன்னிப்பு என்று நினைக்கிறார்கள். 85ஆம் பிரிவு மன்னிப்பது தன் விருப்பத்துக்கு மாறாகவோ தனக்குத் தெரியாமலோ போதை ஏற்றப்பட்டு, செய்வது இன்னதென்று அறிய முடியாத நிலைக்குப் போனவனை மட்டும். தானே போய்க் குடித்தவனுக்கு 86ஆம் பிரிவு. அவனுக்கு நிதானத்தில் இருந்தால் என்ன அறிவு இருந்திருக்குமோ அதே அறிவு இருந்ததாகவே சட்டம் வைத்துக்கொள்கிறது. ஆனால் 'அறிவு' என்ற அந்த இடத்தில் 'உள்நோக்கம்' என்ற சொல்லைச் சட்டம் சேர்க்கவில்லை. மண்டையில் அடித்தால் சாவான் என்ற அறிவைக் குடித்தவன் தலையில் ஏற்றலாம். சாகடிக்க வேண்டும் என்று நினைத்தானா என்பதை அவன் நடந்துகொண்ட விதத்திலிருந்துதான் பொறுக்கி எடுக்க வேண்டும்.

இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் தெளிவாக வகுத்தது 1956இல், பாஸ்தேவ் வழக்கில். தீர்ப்பு எழுதியவர் முன்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்த நீதிபதி சந்திரசேகர ஐயர். நடந்தது பட்டியாலா, கிழக்குப் பஞ்சாப் பகுதியில். ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்த முன்னாள் ராணுவ ஜமேதார், நன்றாகக் குடித்திருந்தவர், வசதியான இடத்தில் உட்கார வேண்டி பதினைந்து பதினாறு வயதுப் பையன் ஒருவனை நகரச் சொல்கிறார். பையன் நகரவில்லை. துப்பாக்கியை எடுத்து வயிற்றில் சுட்டுவிடுகிறார். தள்ளாடினார், உளறினார் என்று சாட்சியம் இருந்தது. ஆனால் தானாக நடந்து வந்தார், சுட்டபின் தப்பிக்கப் பார்த்தார், பிடிபட்டதும் தன்னால் இப்படி ஆகிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டார். உள்நோக்கம் கொள்ள முடியாத அளவுக்கு அறிவு மழுங்கவில்லை என்று சொல்லி, கொலைக் குற்றத்தை உறுதி செய்தார்கள்.

இளம் வக்கீலாக இருந்தபோது அந்தத் தீர்ப்பை என் சீனியர் படிக்கச் சொன்னார். படித்துவிட்டு 86ஐப் பற்றி ஒப்பித்தேன். "அது கிடக்கட்டும், தண்டனையைப் பாத்தியா?" என்றார். பார்க்கவில்லை. மறுபடி புரட்டினேன். அளவுக்கு மீறிக் குடித்திருந்தார், கொல்லக் காரணமோ முன்திட்டமோ இல்லை என்று சொல்லித்தான் விசாரணை நீதிமன்றம் அவருக்குத் தூக்குக்குப் பதில் ஆயுள் கொடுத்திருந்தது. குற்றமா இல்லையா என்ற வாசலில் உள்ளே விடாத போதையை, தண்டனை என்ற வாசலில் உள்ளே விட்டிருக்கிறார்கள். "நாம பேச வேண்டிய இடம் அங்கதான் இருக்கு. ஆனா அந்த நேரத்துல நம்மாளுங்க எல்லாரும் பையைக் கட்டிக்கிட்டிருப்பாங்க" என்றார் சீனியர். நீதிபதியான பிறகு அந்த வார்த்தையை நானும் மறந்துபோனேன்.

இஸ்திரிக்காரர் வழக்கில் முன்விரோதம் இல்லை, திடீர்ச் சண்டை, கையில் கிடைத்த கழி, ஒரே அடி. 300ஆம் பிரிவின் நான்காம் விதிவிலக்கு பொருந்தியது. உள்நோக்கம் இல்லை, அறிவு உண்டு. 304இன் இரண்டாம் பகுதி, பத்தாண்டு வரை. கேள்வியைக் கேட்டேன். அம்மா இருக்காங்க என்றான். ஏழாண்டு கடுங்காவல், 2,000 ரூபாய் அபராதம். கையெழுத்திட்டு அடுத்த வழக்கை அழைத்தேன். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது.

சாப்பாட்டு இடைவேளையில் டவாலி தயங்கித் தயங்கிச் சொன்னார். "அந்த இஸ்திரிக்காரர் சம்சாரம் காலையிலேர்ந்து வராண்டாவுல உக்காந்திருந்துச்சும்மா. என்னாச்சுன்னு எங்கிட்ட கேட்டுச்சு, ஏழு வருஷம்னு சொன்னேன். சரின்னுச்சு. பொட்டியக் குடுப்பாங்களான்னு கேட்டுச்சு, எனக்குத் தெரியலம்மா."

எந்தப் பெட்டி என்று எனக்குப் புரியவில்லை. வழக்குக் கட்டை எடுத்துப் பார்த்தேன். சான்றுப் பொருள் 4: ரத்தக்கறை படிந்த பித்தளை இஸ்திரிப் பெட்டி. சம்பவ இடத்தில் மகஜர் போட்டு எடுத்தது. இரண்டு வருஷமாக நீதிமன்றச் சொத்து அறையில் இருந்தது. தீர்ப்பின் கடைசிப் பத்தியில், எல்லாத் தீர்ப்பிலும் எழுதும் வழக்கமான வாசகத்தை நானும் எழுதியிருந்தேன்: சான்றுப் பொருள்கள் 1 முதல் 6 வரை மதிப்பற்றவை என்பதால் மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் அழிக்கப்பட வேண்டும்.

பித்தளைப் பெட்டி என்ன விலை விற்கும் என்பது எனக்குத் தெரியும். அந்தக் குடும்பம் அதை வைத்துத்தான் சாப்பிட்டது என்பது தெரியாது. தெரிய வழியே இருக்கவில்லை. அந்தப் பெட்டியைப் பற்றி நான்கு சாட்சிகள் பேசியிருந்தார்கள். அதிலிருந்த கறை மனித ரத்தம் என்று தடய அறிவியல் அறிக்கை சொன்னது. இப்போது அந்த வேலையை யார் பார்க்கிறார்கள், எந்தப் பெட்டியால் பார்க்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கையெழுத்திட்ட தீர்ப்பில் எழுத்துப் பிழை தவிர வேறெதையும் மாற்ற, எழுதிய நீதிபதிக்கே அதிகாரம் கிடையாது. இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீலை ஏற்பாடு செய்து, மேலே போய் மனுப் போட்டுத்தான் பெட்டியை மீட்க முடிந்தது. அதற்கு ஒன்பது மாதம் ஆனது. அந்த அம்மாளை நான் கடைசிவரை பார்க்கவில்லை.

அதன் பிறகுதான் 235ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவை, வேலைக்குச் சேர்ந்த அன்று படிப்பதுபோல் மறுபடி படித்தேன். 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் புதிதாகக் கொண்டுவந்தது அது. தண்டனை பற்றித் தனியாகக் கேட்க வேண்டும் என்று பழைய சட்டத்தில் இல்லை. அது வெறும் சடங்கில்லை, தண்டனைக்கு வேண்டிய விவரங்களை இரு தரப்பும் வைப்பதற்கான நேரம் என்று 1976இல் சாந்தா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1978இல் நாடாளுமன்றம், தண்டனை பற்றிப் பேசுவதற்காக மட்டும் வாய்தா கொடுக்கக் கூடாது என்று 309இல் ஒரு வரியைச் சேர்த்தது. அதனால்தான் எல்லோரும் அன்றைக்கே முடித்துக் கட்டினோம். ஆனால் 1989இல் அலாவுதீன் மியான் வழக்கில், பொது வழக்கமாக வேறொரு நாளுக்குத் தள்ளிவைத்து இரு தரப்பையும் விவரம் தரச் சொல்ல வேண்டும் என்று அதே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரண்டும் புத்தகத்தில் இருக்கின்றன. நான் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன். மாதாந்திர வழக்குக் கணக்கில் நாட்கள் கூடுகிறதே என்று மேலிடத்திலிருந்து ஒருமுறை விளக்கம் கேட்டார்கள். தீர்ப்பின் எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதினேன்.

எல்லா வழக்கிலும் இதனால் பலன் இருந்தது என்று சொல்ல மாட்டேன். சில வழக்குகளில் எழுதுவதற்கே இடம் இருக்காது. கரகாட்டம் நடந்துகொண்டிருந்த இடத்தில் மேடையேறி ஆடி ரகளை செய்த ஒருவனை நாலு பேர் இறக்கிவிட்டார்கள். அவன் வீட்டுக்குப் போய் அரிவாளோடு திரும்பி வந்து, இறக்கிவிட்டவர்களில் ஒருவரை வெட்டினான். வீடு முந்நூறு மீட்டர் தூரம். அவனுடைய தாய்தான் முக்கியச் சாட்சி. "நெலையில குறுக்க நின்னு மறிச்சேன், என்னையே தள்ளிட்டுப் போனான், அந்த அளவுக்கு அவனுக்கு நெதானமில்ல" என்றாள். மகனுக்கு உதவும் என்று நினைத்துத்தான் சொன்னாள். எனக்கோ அந்த வாக்கியம்தான் வழக்கை முடித்து வைத்தது. போக வேண்டாம் என்று ஒருவர் மறித்த பிறகும் போயிருக்கிறான், அப்படியானால் திடீர்ச் சண்டை என்று சொல்ல இயலாது. 302. அதற்குச் சட்டம் வைத்திருப்பது மரணமோ ஆயுளோதான், நடுவில் எதுவுமில்லை. தூக்குக்கு உரிய சிறப்புக் காரணம் எதுவும் இல்லை, ஆகவே ஆயுள். அதிலும் பதினான்கு ஆண்டு முடியாமல் முன்விடுதலை கிடையாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 433ஏ இருந்தது. அந்தத் தீர்ப்பு சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அந்தத் தாயின் முகத்தைப் பார்த்து அதை வாசிக்க என்னால் முடியவில்லை. தாளைப் பார்த்தே வாசித்தேன்.

போதையைத் தண்டனையில் எந்தப் பக்கம் வைப்பது என்பதில் நாடுகள் ஒத்துப்போகவில்லை. இங்கே நம் வக்கீல்கள் அதைக் கருணைக்குக் காரணமாகச் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் 2018 முதல் நடைமுறையில் இருக்கும் வழிகாட்டு நெறிகளில், குடித்திருந்து செய்தது தண்டனையைக் கூட்டும் காரணமாகப் பட்டியலில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், ஒரே குத்தில் சாவு நேர்ந்த சில சம்பவங்கள் ஊரை உலுக்கியபின் 2014இல் சட்டமே மாற்றினார்கள். போதையில் அடித்துச் சாகடித்தால் குறைந்தது எட்டாண்டு. நம்மிடம் அப்படிப்பட்ட வழிகாட்டு நெறிகள் கிடையாது. 2003இல் மலிமத் குழு பரிந்துரைத்தும் வரவில்லை. ஆகவே ஒரே மாதிரி அடிக்கு ஒரு நீதிமன்றத்தில் மூன்றாண்டும் இன்னொன்றில் பத்தாண்டும் கிடைக்கிறது. 304 இரண்டாம் பகுதியில் 'பத்தாண்டு வரை' என்றால் ஒரு நாளும் அதில் அடக்கம்தானே. என் மட்டில் நான் எடுத்துக்கொண்ட முடிவு இது: குடித்திருந்தான் என்பதை மட்டும் வைத்துக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். கை என்ன செய்தது, செய்த பின் அந்த ஆள் என்ன செய்தான், இரண்டு வீட்டிலும் இப்போது என்ன நிலைமை, இந்த மூன்றையும் கேட்டுவிட்டு எழுதுவேன்.

அப்படிக் கேட்டதில் என்னை மிகவும் சிரமப்படுத்திய வழக்கில், குடித்தவர் செத்துப்போனவர்.

அவர் மினி லாரி ஓட்டியவர். கூலி கைக்கு வரும் நாட்களில் குடித்துவிட்டு வந்து தெரு நடுவே நின்று ஒவ்வொரு வீடாகப் பேர் சொல்லித் திட்டுவார். தெருக்காரர்கள் காவல் நிலையத்தில் நான்கு முறை மனுக் கொடுத்திருந்தார்கள். குடித்துவிட்டுப் பொது இடத்தில் தொல்லை செய்வதற்கு தண்டனைச் சட்டத்தின் 510ஆம் பிரிவு வைத்திருந்தது 24 மணி நேரச் சிறையோ 10 ரூபாய் அபராதமோ. இப்போதைய சட்டத்தில் 1,000 ரூபாய் என்றும் சமூக சேவை என்றும் மாற்றியிருக்கிறார்கள். அன்றைக்கு 10 ரூபாய்தான். எச்சரித்து அனுப்பிவிடுவார்கள், அடுத்த வாரம் மறுபடி வந்து நிற்பார்.

அடித்தவர் அதே தெருவில் மளிகைக் கடைக்காரர். நாற்பத்தொரு வயது. வாழ்க்கையில் ஒரு சண்டைக்கும் போகாதவர். மறுநாள் அவருடைய மகளுக்கு பிளஸ் டூ பரீட்சை. ராத்திரி பதினொரு மணிக்கு லாரிக்காரர் கடைவாசலில் நின்று அந்தப் பெண்ணின் பேரையும் இழுத்திருக்கிறார். இரண்டு முறை கைகூப்பி அனுப்பப் பார்த்தார். மூன்றாம் முறை கடை ஷட்டரை இழுக்கும் கொக்கிக் கம்பியோடு வெளியே வந்தார். தோளில் ஒன்று, மண்டையில் ஒன்று. அவரே ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

தெருவே பிறழ் சாட்சி ஆனது. ஒன்பது பேர் கூண்டில் ஏறி, நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்றார்கள். இறந்தவரின் மனைவி மட்டும் பார்த்ததைச் சொன்னார். ஆட்டோக்காரரும் பின்வாங்கவில்லை. கம்பியும் பிரேதப் பரிசோதனையும் அவர்கள் சொன்னதோடு பொருந்தின. அடித்தவர் குடிக்கவில்லை, ஆகவே 86க்கே வேலையில்லை. நிதானத்தில் இருந்தவர் இரும்புக் கம்பியால் மண்டையில் அடித்தார் என்றால், சாவு விளைவிக்கக்கூடிய காயத்தை உண்டாக்கும் நோக்கம் இருந்தது என்றுதான் கொள்ள வேண்டும். ஆத்திரமூட்டலும் திடீர்ச் சண்டையும் கொலையிலிருந்து அவரைக் காப்பாற்றின. 304 முதல் பகுதி. ஆயுளோ பத்தாண்டு வரையோ. இதே குற்றத்துக்குப் புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், 2024 ஜூலைக்குப் பிறகு, ஆயுள் இல்லையென்றால் குறைந்தது ஐந்தாண்டு என்று வைத்திருக்கிறார்கள்.

குற்றவாளி என்று அறிவித்துவிட்டு ஆறு நாள் தள்ளிவைத்தேன். இறந்தவரின் குடும்பத்தை அழைத்து வரும்படி அரசு வழக்கறிஞரிடம் சொன்னேன். அவர் சற்று வியப்போடு பார்த்தார். தண்டனை போதாது என்று மேல்முறையீடு செய்யும் உரிமைகூட நம் சட்டத்தில் அவர்களுக்கு இல்லை. 2009இல் பாதிக்கப்பட்டவருக்கு மேல்முறையீட்டு உரிமை கொடுத்தபோது மூன்றுக்கு மட்டுமே கொடுத்தார்கள். விடுதலைக்கு எதிராக, சிறிய குற்றமாகக் குறைத்ததற்கு எதிராக, இழப்பீடு குறைவு என்பதற்காக. வருஷம் குறைவு என்று அரசுதான் போக வேண்டும். அப்படியிருக்க முதல் நீதிமன்றத்திலாவது அவர்கள் பேசட்டும் என்று நினைத்தேன்.

அன்றைக்கு மளிகைக்காரரின் வக்கீல் ஒரு மனுவைக் கொண்டுவந்தார். அறுபத்து மூன்று கையெழுத்து. இவர் நல்லவர், இவரில்லாமல் எங்கள் தெருவுக்குக் கஷ்டம் என்று. தூங்கிக்கொண்டிருந்தேன் என்று சொன்ன ஒன்பது பேரும் அதில் கையெழுத்திட்டிருந்தார்கள். மளிகைக்காரரிடம் கேள்வியைக் கேட்டேன். அவர் கூண்டின் கம்பியைப் பிடித்தபடி, "அடிச்சது நாந்தாங்கம்மா. சாகணும்னு அடிக்கல. ஆனா அடிச்சேன்" என்றார். மூன்று வருஷ வழக்கில் அவர் அதை ஒப்புக்கொண்டது அதுவே முதல் முறை.

பிறகு அந்த அம்மாள். இரண்டு பெண் பிள்ளைகளோடு வந்திருந்தார். கூண்டில் ஏற வேண்டாம், அங்கேயே நின்று சொல்லுங்கள் என்றேன். வார்த்தைக்கு வார்த்தை எழுதச் சொன்னேன், ஆகவே இன்றும் நினைவிருக்கிறது.

"அவரு குடிகாரருதாம்மா. தெருவுல நின்னு பேசக்கூடாத பேச்செல்லாம் பேசுவாரு, எனக்கும் அவமானம்தான். கையெழுத்துப் போட்டவங்க மேல எனக்குக் கோவமில்ல. ஆனா விடிஞ்சா வேற மனுசன். இந்தச் சின்னவளுக்கு தினம் சடை பின்னி விடுறது அவருதான். இப்ப நான் பின்னினா அது அப்பா மாதிரி இல்லங்குது. அந்தப் பேப்பர்ல குடிகாரர், குடிகாரர்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. இதையும் எழுதுங்க."

எழுதினேன். தீர்ப்பிலும் எழுதினேன்.

எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். தீப்பெட்டி ஒட்டுவதாகச் சொன்னார். கொஞ்சம் தயங்கி, "அவங்க கடையிலதாம்மா இன்னமும் அரிசி வாங்குறோம். கணக்குல எழுதிக்கிட்டு அந்த அக்கா குடுத்திடுறாங்க" என்றார். அக்கா என்றது மளிகைக்காரரின் மனைவியை. அவரும் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நீதிமன்றத்தில் அப்போது யாரும் பேசவில்லை.

அதற்கு முந்தின நாள் ராத்திரி, கடை இருக்கிறதே என்று இரண்டு லட்சம் அபராதம் விதித்து, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357இன்படி முழுவதையும் இறந்தவரின் குடும்பத்துக்குக் கொடுக்கச் சொல்லலாம் என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அப்படி விதித்திருந்தால் கடை மூடப்பட்டிருக்கும், அந்தக் கணக்கு நோட்டும் மூடப்பட்டிருக்கும். மேல்முறையீடு முடியும் வரை அபராதப் பணத்தை எடுத்துக் கொடுக்கவும் சட்டம் விடாது. அபராதத்தை 50,000 ஆக்கினேன். மிச்சத்துக்கு அரசின் இழப்பீட்டுத் திட்டத்தில், 357ஏ பிரிவின்படி, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு தர வேண்டும் என்று பரிந்துரைத்தேன். சிறை ஏழாண்டு. அவர் நல்லவர் என்பதற்காகக் குறைக்கச் சொன்னார்கள். அவர் நல்லவர் என்பதை நான் நம்பினேன். ஆனால் இரண்டாவது அடி மண்டையில் விழுந்திருக்கிறது. குடித்துவிட்டுத் தெருவில் கத்துகிறவருக்குச் சட்டம் வைத்திருந்தது 10 ரூபாய், அந்த இடத்தில் இரும்புக் கம்பியைத் தெரு முழுதும் சேர்ந்து சரி என்று சொல்லிவிட்டால் அந்த இரண்டு பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள் என்பது என் கையை இழுத்துப் பிடித்தது.

தண்டனை சொன்ன நாளில் அந்த அம்மாளை வராண்டாவில் உட்காரவிடவில்லை. முன் பெஞ்சில் உட்கார வைத்தோம். வாசித்து முடித்ததும் எழுந்து, "எந்த வருஷம் வருவாரும்மா?" என்று கேட்டார்.

மளிகைக்காரர் ஏற்கெனவே உள்ளே இருந்த எழுபத்து நான்கு நாள் கழியும். மேல்முறையீட்டில் ஜாமீன் கிடைத்தால் கணக்கு மாறும். சிறையில் நன்னடத்தைக் கழிவு உண்டு. எல்லாவற்றையும் சொல்லி, இன்ன வருஷத்துக்கு முன்னால் இருக்காது என்று பெஞ்ச் கிளார்க்கின் காலண்டரை வாங்கி எண்ணிச் சொன்னேன். அந்த அம்மாள் பெரியவளைப் பார்த்தார், விரல் விட்டு எண்ணினார்.

"அப்ப இவளுக்கு இருபது முடிஞ்சிருக்கும்" என்றார். "கட்டிக் குடுத்திருப்பேன். சின்னவதான் வீட்ல இருப்பா. அவரு கடை தொறக்கறப்ப இவளத்தான் அரிசிக்கு அனுப்பணும்."